ரயிலுக்காகத் தவறிய வாய்தா

அந்தத் தெருவில் பல்செட்காரர் வீடு என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். அவர் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்பிவைப்பார்கள். அதை வைத்துக்கொண்டு முன்னறை மேஜையில் குனிந்து உட்கார்ந்து பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் வேலை. மெழுகில் ஈறு பிடிப்பார், பல்லை ஒவ்வொன்றாக நட்டு வைப்பார், ரோஜா நிறப் பொடியில் மூக்கைத் துளைக்கிற ஒரு திரவத்தை ஊற்றிப் பிசைவார், பிறகு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து அடுப்பில் வேக வைப்பார். அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். "உள்ள வாங்க, கடிக்காது" என்பார். இந்த ஒரு நகைச்சுவையைத்தான் அவர் இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் அதுவும் ஓடியது.

வீடு வாடகை வீடு. முன்னறை, நடுவறை, சமையலறை, பின்னால் குழாயடி. வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருடைய மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே பல்செட்காரர் கைவேலை. "இந்தப் பல்லுல கரும்பே கடிக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்தவர் அவர்தான்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் ஒரு நாள் வந்து, மகன் குடும்பத்தோடு திரும்பி வரப்போகிறான், வீடு வேண்டும் என்றார். பல்செட்காரர், "பாக்கறேன்" என்றார். சில மாதம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் "பாக்கறேன்". மூன்றாவது தடவை வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார்: "பாக்கறேன் பாக்கறேன்னு எதைய்யா பாக்கறீங்க? வாசல்ல 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குற ஒரு வீட்டையாவது எட்டிப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

"நான் செஞ்சு குடுத்த பல்லை வச்சுக்கிட்டே என்னைக் கடிக்கிறாரு" என்று டீக்கடையில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வீடு தேட மட்டும் கிளம்பவில்லை.

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். முன்னறை ஜன்னலில் விழுகிற வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காது, பல்லின் நிறம் பார்க்க அந்த வெளிச்சம் வேண்டும் என்பார். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக ஒருவர் கோர்ட் வரைக்கும் போகமாட்டார்.

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போன மனைவி, விடுமுறை முடிந்தும் திரும்பவில்லை. சண்டை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நின்றுபோன வீடு அது. ஒரு வாரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தார். பள்ளிக்கூடம் திறந்தால் வருவாள் என்று நினைத்தார். போய்க் கூப்பிட்டால் கௌரவக் குறைச்சலோ என்று அவர் இங்கே இருக்க, கூப்பிட வராதவரோடு என்ன இருக்கிறது என்று அவள் அங்கே இருந்துவிட்டாள். பிறகு விவாகரத்து ஆனது. அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தூரத்து ஊருக்குப் போனாள். மகளும் கூடப் போனாள். பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அந்த விடுமுறைக்குக் கிளம்பும்போது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. கையசைத்து "வரேம்ப்பா" என்றபோது அந்த ஓட்டை வழியாகக் காற்றுத்தான் வந்தது.

ஊரிலுள்ள கிழவர் கிழவியருக்கெல்லாம் பல் நட்டுக் கொடுக்கிறவருக்கு, சொந்த மகளுக்கு அந்த இடத்தில் எப்படிப்பட்ட பல் முளைத்தது என்று தெரியாது. சில நாள் சின்ன அளவுப் பல் ஏதாவது கையில் வந்தால், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவளுக்குத் தெரிந்த விலாசம் இந்த ஒன்றுதான். என்றைக்காவது அவளுக்கு வரவேண்டும் என்று தோன்றினால், தெருமுனையில் திரும்பி, மூன்றாவது வாசலில் ஏறி, கதவைத் தட்டுவாள். அப்போது வேறு யாராவது வந்து கதவைத் திறந்தால்? இந்த நினைப்பு வந்துவிட்டால் அவருக்குக் கை ஓடாது. இதை எப்படி வீட்டுக்காரரிடம் சொல்வது? டீக்கடையில் சொல்வது?

முதல் வாய்தாவுக்கு அவரே போனார். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை, பேசாமல் நின்றால் விட்டுவிடுவார்கள் என்பதுபோல ஒரு நம்பிக்கை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அடுத்த தடவை பதிலோட வரணும். இனிமே டைம் கிடையாது" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அந்த அடுத்த வாய்தாவுக்கு முந்தின வாரம் மச்சான் போன் செய்தார். முன்னாள் மனைவியின் தம்பி. எல்லாம் அறுந்துபோன பிறகும் எப்போதாவது கூப்பிட்டு நலம் விசாரிக்கிற ஒரே ஆள்.

"மாமா, பாப்பாவுக்கு வேலை கிடைச்சிருக்கு. வேற ஊர்ல. ரயில்ல போறா."

"சந்தோஷம் மச்சான்."

"அந்த ரயில் உங்க பக்கத்து ஜங்ஷன் வழியாத்தான் போகுது. கொஞ்ச நேரம் நிக்கும். நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவளா ஒண்ணு சொன்னா."

"என்ன சொன்னா?"

"'வேணும்னா வந்து பாக்கட்டும்'னா."

பல்செட்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வேணும்னா வந்து பாக்கட்டும். மரியாதை இல்லாத வாக்கியம்தான். அவருக்கு அதில் தேன் சொட்டியது.

ரயில் வருகிற நாளும் வாய்தா நாளும் ஒன்றாக இருந்தன. அவர் கலங்கவில்லை. ரயில் காலையில், கோர்ட் கூடுவது அதற்கு வெகு நேரம் கழித்து. ஜங்ஷனுக்கு முதல் பஸ்ஸில் போனால் மகளைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராகக் கோர்ட் வாசலில் இறங்கிவிடலாம்.

விடிவதற்கு முன்பே கிளம்பினார். சலவைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. என்ன வாங்குவது என்று தெரியாமல் வாங்கியது. வளர்ந்துவிட்ட பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கடைக்காரரிடமா கேட்க முடியும்? பதில் மனுவென்று தானே எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ரயில் சற்றுத் தாமதமாக வரும் என்று ஒலிபெருக்கி சொன்னது. நல்ல இனிமையான குரல். கொஞ்ச நேரம் கழித்து அதே இனிமையோடு மறுபடி சொன்னது. பிளாட்பாரத்தில் வெயில் ஏறியது. எங்கேயோ தண்டவாளத்தில் கோளாறாம். நிலைய அலுவலகத்தில் போய்க் கேட்டார். "இப்ப வந்துடும்" என்றார்கள். ரயில்வேயில் 'இப்ப' என்றால் எவ்வளவு நேரம் என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே தெரியாது.

கோர்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரக்கூடிய கடைசி பஸ் நிலையத்துக்கு வெளியே நின்றது. கண்டக்டர் கூவிக் கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பல்செட்காரர் ஓடிவந்து படியில் ஒரு கால் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, ரயில் இன்னும் சற்று நேரத்தில் வந்தடையும் என்றது.

"ஏறுறீங்களா இல்லையா பெரியவரே?" என்றார் கண்டக்டர்.

காலை எடுத்துவிட்டார். பஸ் போய்விட்டது. ரயில் அதற்குப் பிறகும் வெகு நேரம் வரவில்லை.

அது வந்தபோது பெட்டிகள் தலைகீழ் வரிசையில் இருந்தன. மச்சான் சொன்ன பெட்டிக்காக முன்னால் நின்றவர் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. ஆரஞ்சுப் பை காலில் இடித்தது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினார். யாரைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் மனசில் இருந்தது பல் விழுந்த ஒரு முகம். ஒரு பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நீல உடை, கையில் தண்ணீர் பாட்டில். அவள் முகத்தில் அவருடைய அம்மாவின் நெற்றி இருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"நீங்கதானே?" என்றாள்.

"நான்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையிலேர்ந்தா நிக்கிறீங்க?"

"சேச்சே. இப்பதான் வந்தேன். லேட்டுன்னு விசாரிச்சுட்டுத்தான் கிளம்பினேன்."

"ஓ" என்றாள்.

அவர் பையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே பார்த்து, "இவ்வளவா? நான் ஒருத்திதானே?" என்று சிரித்தாள். அப்போது பார்த்தார். முன்பல் இரண்டும் கொஞ்சம் அகலம், இடது பல் ஒரு நூல் அளவு முன்னால் வந்து பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்திருந்தது. இப்படியும் இருக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

ரயில் ஊதியது. தாமதமாக வந்த ரயில் சீக்கிரம் புறப்படுவதில் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டியது. "உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். பெட்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைகிறவரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். போன் நம்பர்கூடக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் கோர்ட் அலுவலகத்துக்குப் போய், நேற்று வரமுடியவில்லை, அடுத்த தேதி என்ன என்று கேட்டார். அங்கிருந்த குமாஸ்தா கட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"தேதியா? பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிட்டாங்க. நீங்க இல்ல. அவங்க சொன்னதைக் கேட்டுட்டு ஒருதலையாத் தீர்ப்பு சொல்லிட்டாங்க. வீட்டைக் காலி பண்ணணும்."

"நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

"நீங்கதான் வரலையே."

அதோடு சரி. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற யாரோ சொல்லித்தான் வக்கீலம்மாவிடம் போனார். ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஆபீஸ். வக்கீலம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். ஓயாத தும்மல். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கைக்குட்டையைத் தேடுவார்.

"தீர்ப்பை ரத்து பண்ணி மறுபடியும் விசாரிங்கன்னு மனு போடலாம். ஆனா ஏன் வரலைங்கறதுக்கு நியாயமான காரணம் இருக்கணும். ஏன் போகல?"

"ரயில் லேட்டும்மா."

"எங்கேர்ந்து வந்தீங்க?"

"நான் வரலை. ரயில்ல ஒருத்தரைப் பாக்கப் போனேன்."

வக்கீலம்மா தும்மி முடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "கோர்ட் இருக்கற நாள்ல, ரயில்ல போற ஒருத்தரை?"

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு தும்மல்காரம்மாவிடம் சொன்னார். வக்கீலம்மா தும்மலைக்கூட அடக்கிக்கொண்டார். முடித்ததும், "ஜுரம்னு சர்டிபிகேட் கொண்டு வர்றவங்களைப் பாத்துப் பாத்து அந்த ஜட்ஜுக்கு அலுத்துப்போச்சு. இதையே சொல்லுவோம். ரயில் லேட்டுங்கறதுக்கு ரயில்வேயில எழுதி வாங்கிக்கலாம். ஆனா நீங்க அங்க இருந்தீங்கங்கறதுக்குச் சாட்சி வேணும். உங்க பொண்ணுகிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது முடியாதும்மா."

"ஏன்?"

"இதுக்குத்தான் வந்தாரான்னு நினைச்சுட்டா?"

"அப்ப வீடு போயிடும்" என்றார் வக்கீலம்மா. "மனு போடறதுக்கும் கெடு இருக்கு. ரொம்ப யோசிக்காதீங்க."

நாலைந்து நாள் அவரால் வேலையே பார்க்க முடியவில்லை. நட்ட பல்லைப் பிடுங்கி மறுபடி நட்டார். போகட்டும், வீட்டை விட்டுவிடலாம் என்று ஒரு நேரம் தோன்றும். விட்டால் பாப்பா வரும்போது யார் இருப்பார்கள் என்று மறு நேரம் தோன்றும். பாப்பாவுக்காக வைத்திருக்கிற வீட்டைக் காப்பாற்றப் பாப்பாவையே கேட்கவேண்டியிருந்தது. கடைசியில் மச்சானிடம் நம்பர் வாங்கினார். அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான்... ஆரஞ்சு குடுத்தேனே."

அந்தப் பக்கம் சிரிப்பா மூச்சா என்று தெரியாத ஒரு சத்தம். "சொல்லுங்க."

சுற்றி வளைத்துச் சொன்னார். வீட்டுக்காரர், கோர்ட், வாய்தா, தீர்ப்பு. காலையிலிருந்து பிளாட்பாரத்தில் நின்றதற்குச் சாட்சி கேட்கிறார்கள் என்றார். அவள் குறுக்கிட்டாள்.

"இருங்க. அன்னைக்கு இப்பதான் வந்தேன்னு சொன்னீங்களே?"

"அது சும்மா சொன்னேன்."

"சும்மாவா? நான் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கோபமா இருந்தேன், தெரியுமா? இத்தனை வருஷம் கழிச்சுப் பாக்கறோம், லேட்டுன்னு விசாரிச்சுட்டு சாவகாசமா வந்திருக்காரேன்னு. ஆரஞ்சை எதிர் சீட்டுக் குழந்தைகளுக்கே குடுத்துட்டேன்."

"நல்லதுதான். குழந்தைங்கதானே."

"கோர்ட் இருக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ போங்கன்னு சொல்லியிருப்பே."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு குரல் வந்தது. "எங்க கையெழுத்துப் போடணும்?"

பிரமாணப் பத்திரம் தபாலில் வந்தது. வக்கீலம்மா தயாரித்து அனுப்பிய வாசகம்தான். ஆனால் பல்செட்காரர் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியையே படித்துக்கொண்டிருந்தார். 'நான் மேற்படி மனுதாரரின் மகள்.' கீழே நீல மையில் கையெழுத்து. அதற்குப் பிறகுள்ள வரிகளுக்கு அவர் போகவே இல்லை. வக்கீலம்மா இரண்டு தடவை கையை நீட்டிக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் விடவில்லை. காகிதத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆளை நேரில் விசாரிக்கவேண்டும் என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டு தேதி போட்டார். பல்செட்காரருக்குப் பயமும் ஆசையும் ஒன்றாக வந்தது. எதிர்த்தரப்பு வக்கீலைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் வந்தாள். அதே நீல உடை. கோர்ட் தாழ்வாரத்தில் அவருக்குப் பக்கத்தில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். எதிர்ப் பெஞ்சில் வீட்டுக்காரர். அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பல்செட்காரரைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "ரயில் லேட்டுன்னு தெரிஞ்சதும் திரும்பி வர பஸ் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு ஐயா."

"ஏன் ஏறல?"

"ஏறினேன். ஒரு கால் வச்சேன்."

"அப்புறம்?"

"எடுத்துட்டேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். ஆனால் அவரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டதை வக்கீலம்மா பார்த்துவிட்டார்.

பிறகு அவள் ஏறினாள். மனுதாரரை அன்று எப்போது பார்த்தீர்கள், அவர் எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"எவ்வளவு நேரமா இருந்தார்னு எனக்கு நேராத் தெரியாது. இப்பதான் வந்தேன்னு என்கிட்ட சொன்னார்."

எதிர்த்தரப்பு வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா ஐயா? சாட்சியே சொல்லுது!"

"நான் முடிக்கலை" என்றாள் அவள். "இப்பதான் வந்தேன்னு சொன்னவர் சட்டை பூரா வேர்வையில ஒட்டியிருந்துச்சு. முகம் வெயில்ல கறுத்திருந்துச்சு. பையில இருந்த பழம் சூடா இருந்துச்சு. அப்ப எனக்குப் புரியலை. பின்னாடி யோசிச்சப்பதான் புரிஞ்சுது. நான் கஷ்டப்படக் கூடாதுன்னு அப்பா பொய் சொன்னார்."

பல்செட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காதில் விழுந்தது சாட்சியம். அவர் காதில் விழுந்தது அதில் ஒரு சொல்.

நீதிபதி ரயில்வே கொடுத்த காகிதத்தைப் பார்த்தார். வேண்டுமென்றே வராமல் இருந்ததாகத் தெரியவில்லை என்றார். ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடி விசாரணைக்குத் தேதி கொடுத்தார். கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு ரயில் எதுவும் இல்லையே?"

"இல்லை ஐயா" என்றார் பல்செட்காரர் பயபக்தியோடு. இந்தத் தடவை சிரிப்பை யாரும் தட்டி அடக்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை வண்டிக்கு நேரம் இருக்கிறது என்றாள். "அப்படி என்ன வீடு அது? பாக்கணும்" என்றாள்.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருமுனையில் வேண்டுமென்றே நடையைத் தளர்த்தி அவளை முன்னால் போகவிட்டார். மூன்றாவது வாசலில் அவளாகவே நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதைத் தாண்டி விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இங்க" என்றார்.

திரும்பி வந்தாள். உள்ளே வந்து பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்து, "அம்மாடி!" என்று பின்வாங்கினாள். கடிக்காது என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. அவள் நடுவறையைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், குழாயடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு இடத்திலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடகை வீடு பார்க்க வந்தவர்கள் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"நாம இங்கதான் இருந்தோமா?"

"இங்கதான். நீ பிறந்ததுலேர்ந்து."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "சத்தியமா. வேணும்னு சொல்லலை. நான் நினைச்ச வீட்டுல மாடி இருந்துச்சு. அது வேற எந்த வீடோ."

"சின்ன வயசு. எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். அடுப்பைப் பற்றவைக்க அவருக்கு நாலைந்து தீக்குச்சி ஆயிற்று. இத்தனை வருடமாக அவர் காவல் காத்த வழி அவருக்கு மட்டும்தான் தெரிந்த வழி. அவள் ஒரு நாளும் தானாக வந்து இந்தக் கதவைத் தட்டியிருக்கமாட்டாள். கோபத்தினால் அல்ல; கதவு எது என்று தெரியாததனால்.

டீயோடு வந்தபோது அவள் மேஜையருகில் நின்று ரோஜா நிறப் பொடியையும் பக்கத்திலிருந்த பாட்டிலையும் முகர்ந்துகொண்டிருந்தாள்.

"இது என்ன?"

"ஈறு செய்யற மருந்து. முகராதே, தலை வலிக்கும்."

"அம்மாவோட பழைய பெட்டி ஒண்ணு இருக்கு. திறந்தா லேசா இந்த வாசனைதான் வரும். என்ன வாசனைன்னு கேட்டா, 'பழைய துணி'ம்பா."

அவர் தம்ளரை மேஜையில் வைத்தார். அந்தப் பெட்டியில் அவருடைய சட்டை ஏதாவது இருக்கிறதா, இல்லை சும்மா பெட்டியில் ஏறிய வாசனைதானா என்று கேட்கலாம்போல் இருந்தது. கேட்கவில்லை. அது இன்னொருவருடைய வீட்டில் இருக்கிற பெட்டி.

"வேலை எப்படி இருக்கு?" என்றார்.

"பெயிண்ட் கம்பெனி. கலர் சரியா வருதான்னு பாக்கறது. வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை இருக்குங்கறீங்க! பைத்தியமே பிடிச்சிடும்."

"மஞ்சள் அடிக்கிற வெள்ளை, சாம்பல் அடிக்கிற வெள்ளை..."

"நீலம் அடிக்கிறதை விட்டுட்டீங்களே!"

"அது குழந்தைப் பல்லு" என்றார். அவள் சிரித்தாள். சாய்ந்த அந்த இடது பல்லை அவர் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டது.

சில நாள் கழித்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"என்ன, ஜெயிச்சதைச் சொல்ல வந்தீங்களா?"

"காலி பண்றேன்னு சொல்ல வந்தேன். கொஞ்சம் டைம் குடுங்க. வேற இடம் பாத்துட்டுப் போயிடறேன்."

வீட்டுக்காரர் நம்பவில்லை. "மறுபடியும் பாக்கறேனா?"

"இல்ல. ரெண்டு வீடு பாத்துட்டேன். ஒண்ணு வெளிச்சம் பத்தாது. இன்னொண்ணு மாடி."

"தீர்ப்பை ரத்து பண்ண அந்த அலை அலைஞ்சுட்டு, இப்ப எதுக்குய்யா போறீங்க? இதை முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு வக்கீலாவது மிச்சமாயிருப்பாரு!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணு... உங்க ஜாடைதான். எனக்கு முதல்லேயே தெரிஞ்சிருந்தா அன்னைக்கு வாய்தா வாங்கச் சொல்லியிருப்பேன். நீங்க வாயே திறக்கலையே."

"ஆமா" என்றார் பல்செட்காரர்.

"எனக்கும் ஒருத்தன் தூரத்துல இருந்துட்டுத்தான் இப்ப வர்றான்" என்றார் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போது கீழ்ப்பல் லேசாக ஆடியது. பல்செட்காரர் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், மறுநாள் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு தரப்பும் சேர்ந்து கோர்ட்டில் சமாதானம் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாய்தாவுக்குப் பல்செட்காரர் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றார்.

இப்போது அவர் மாடி வீட்டில் இருக்கிறார். வெளிச்சம் பரவாயில்லை; மதியத்துக்கு மேல் கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது. பழைய வீட்டைக் கடக்கும்போது நின்று பார்ப்பதில்லை என்று சொல்லமுடியாது. வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

மகள் இரண்டு தடவை வந்தாள். ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு தடவை அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. மூன்றாவது தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, கம்பெனியில் வேலை என்றாள். அவர் சமைத்து வைத்ததைச் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். கோபம் வரவில்லை. முன்பு வராத ஒருத்திக்காகக் காத்திருந்தார். இப்போது வரக்கூடிய ஒருத்திக்காகக் காத்திருக்கிறார். இது கொஞ்சம் அதிகமாகவே வலிக்கிறது. இருந்தாலும் முன்னதற்குத் திரும்பிப் போகச் சொன்னால் போகமாட்டார்.

பேச்சு அவர்களுக்குள் இன்னும் சரளமாக வரவில்லை. அவர் கூப்பிட்டால் முதலில் இரண்டு பக்கமும் வானிலை ஓடும். போன வாரம் அப்படித்தான், மழை பெய்கிறதா, பெய்யவில்லை என்று போய்க்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று கேட்டாள்.

"மாடிக்குப் படி செங்குத்தா இருக்கே, கஷ்டமா இல்லையா?"

"பழகிடுச்சு."

"கைப்பிடி ஒண்ணு வைக்கச் சொல்லுங்க. நான் வர்றப்ப பாப்பேன்."

"எப்ப வர்றே?" என்று உடனே கேட்டுவிட்டார். இவ்வளவு அவசரமாகக் கேட்டிருக்கவேண்டாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாக்கறேன்ப்பா" என்றாள் அவள்.

அவர் அன்றைக்கே தச்சரைத் தேடிப் போனார்.